புகைச் சோதனையில் போன பல்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் சிற்றூரில், பள்ளிக்கூட வாசலில் என்ஜினை அணைக்காமல் மகளுக்காகக் காத்திருந்தால் யாராவது ஒரு அம்மாள் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டுவாள். திட்ட மாட்டாள். விரலைச் சுழற்றி, சாவியைத் திருப்பு என்று காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். பதினோரு வருஷமாகியும் அந்த விரலைக் கண்டால் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருப்புகிறேன்.

வந்த புதிதில் பழைய கார் ஒன்றை வாங்கிப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். நம் திண்டுக்கல்லில் நான் பார்த்த சோதனை எப்படி என்றால், பெட்ரோல் பங்க் ஓரம் ஒரு வேன் நிற்கும். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுப்பார்கள், சர்டிபிகேட் வந்துவிடும். புகைக்குழாய்க்குள் சொருக வேண்டிய கருவி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தில் நானும் காரைக் கொட்டகைக்கு வெளியிலேயே நிறுத்தி, குனிந்து நம்பர் பிளேட்டைத் துடைத்துவிட்டு, "ஃபோட்டோ, ஃபோட்டோ" என்றேன். சோதனைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கார் வாங்கிய சந்தோஷம் என்று நினைத்தாரோ என்னவோ, என் செல்போனை வாங்கி, என்னைக் காரோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். "ஷோன்" என்றார், அழகாம். பிறகு தரையில் இருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போகும்படி விரலைக் காட்டிவிட்டு, மெய்யாகவே கருவியைச் சொருகினார். கார் தேறவில்லை. வந்த ஆத்திரத்தில் அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். பிழைக்க வந்தவன், கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். என் தம்பி முருகேசன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்துச் சரக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூல் மூட்டை ஏற்றும் வேலை அவனுக்கு அமைந்திருந்தது. திங்கட்கிழமை காலை எல்லாச் சர்டிபிகேட்டோடும் வண்டி கேட்டில் நிற்க வேண்டும். அதை நம்பி, பூ மார்க்கெட்டுக்கு ஓட்டிய நடையை விட்டுவிட்டான். புகைச் சர்டிபிகேட் ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை மத்தியானம் பைபாஸ் பங்க்குக்குப் போனோம், நானும் தொற்றிக்கொண்டேன்.

வேனிலிருந்து இறங்கிய ஆள் செல்போனோடு நம்பர் பிளேட் முன்னால் குனிந்தான்.

"கருவியச் சொருகாம எதப் பாத்துய்யா சர்டிபிகேட் குடுப்ப?" என்றேன்.

"அண்ணே வெளிநாடா? செத்த நேரம் நெழல்ல நில்லுங்க. அம்புட்டுத்தான், முடிஞ்சிரும்" என்று சிரித்தபடி, ஒதுங்கி நிற்கச் சொல்லி விரலைக் காட்டினான்.

அந்த விரல்! என் ஊரிலும் எனக்கு அந்த விரலா? அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். பங்க்கில் நின்றவர்கள் பார்க்க, டயர் மேல் போய் விழுந்தான். ஆணியில் தொங்கிய கருவியை எடுத்து நானே புகைக்குழாய்க்குள் குத்தினேன்.

"அண்ணே, வேணாம்ணே. சொன்னாக் கேளுண்ணே" என்று முருகேசன் கையைப் பிடித்தான். உதறிவிட்டு ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். பக்கத்துப் பஞ்சர் கடையே தெரியாதபடி கறுப்பாகக் கக்கியது வண்டி.

விழுந்தவன் எழுந்து வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினான். "ஃபெயிலு. ஆன்லைன்ல ஏத்திட்டேன். இனி பம்ப்பு, நாசிலு எல்லாங் கழட்டி வேல பாத்துட்டு வாங்க, வாரம் ஆகும். ஒங்கண்ணன்தான கேட்டாரு?" என்றான் முருகேசனிடம்.

முருகேசன் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்தான். முதல் அடி என் தோளில். இரண்டாவது அடியில் என் வாய் முழுக்க ரத்தம், முன்பல் ஒன்று மண்ணில் போய் விழுந்தது. நான் அவன் தலைமயிரைப் பிடித்து வண்டிக் கதவில் மோதினேன். மூக்கு உடைந்தது. கீழே தள்ளி நெஞ்சில் முழங்காலை வைத்தேன்.

"பத்து நாள்ல பிளேன் ஏறிப் போயிருவ. திங்கக்கிழம மில்லு கேட்டுல நான் என்னத்தச் சொல்வேன்? சொல்லுடா!" என்றான். அதுவரை அண்ணே என்ற சொல் இல்லாமல் என்னிடம் பேசியறியாதவன்.

அதைக் கேட்ட பிறகும் இரண்டு அடி அடித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். பத்து வருஷம் சட்டைப்பைக்குள் வைத்திருந்த கை அன்று வெளியே வந்தது, வந்து என் தம்பி மேல் விழுந்தது. அந்தப் புகைக்காரன்தான் கடைசியில் எங்களைப் பிரித்துவிட்டான்.

மில் வேலை வேறு வண்டிக்குப் போனது. பூ நடையிலும் வேறு ஆள் ஏறிவிட்டான். முருகேசன் குட்டியானையை விற்றுவிட்டு அதே மில்லில் ஷிப்டுக்குப் போகிறான். அவன் மனைவிதான் போனில் சொன்னாள்.

"மில்லு பஸ்ஸுலதான் போறாரு மாமா. அந்த பஸ்ஸு விடுற பொகைய நீங்க பாக்கணுமே."

"எங்கிட்டப் பேசச் சொல்லும்மா."

"மாட்டேங்குறாரு மாமா. பல்லு கட்டிட்டாரான்னு மட்டும் கேக்கச் சொன்னாரு."

கட்டவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

போன வாரம் என் கார் சோதனையில் தேறியது. சோதனைக்காரர் நம்பர் பிளேட்டில் வட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "அல்லெஸ் குட்" என்றார், எல்லாம் நலமாம். நாக்கு தானாகப் பல் போன இடத்துக்குப் போனது. அந்தப் பல் திண்டுக்கல் பைபாஸ் ஓரம், டீசல் கொட்டிக் கறுத்த மண்ணில் எங்கோ கிடக்கிறது. மிச்சமுள்ள நான் இங்கே கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.