அத்தையிடம் நான் கேட்ட ஒன்பதாவது கேள்வி

அத்தை ஸ்பானிஷ் படித்த வருடம் எனக்குப் பத்து வயது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மல்லேஸ்வரத்தில் எங்களோடுதான் இருந்தார். கிரானைட் கற்களை ஸ்பெயினுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில், அந்த ஊர்க்காரர்களோடு போனில் பேச ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போனார். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது கேள்வி கேட்கத்தான். யார் பேசுவது, எங்கிருந்து, எப்போது வருவீர்கள் என்று கேட்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வாத்தியார் சொன்னாராம்.

எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது அப்பாவின் பொறுப்பு. அத்தை பதில் சொல்லியே பழகியவர். அதனால் முதல் சில வாரங்கள் அவருடைய ஸ்பானிஷ் கேள்விகளும் பதில் போலவே குரல் இறங்கி முடிந்தன. கேட்கிற மாதிரியே இல்லை என்று நான்தான் திருத்துவேன். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவர் என்னிடம் கேட்பார், நான் அவரிடம் கேட்பேன். கேள்விகளைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு.

அப்பா இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவந்தார். ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அவர்களுக்கு வேலைக்குப் போகும் பெண் வேண்டாமாம் என்பதையும் அவரேதான் சொன்னார்.

நேர்முகத் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. தசரா விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதால், பத்தே காலுக்கே அத்தை கிளம்பும்படி அம்மா எல்லாவற்றையும் தயார் செய்திருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. சான்றிதழ் பையோடு அத்தை படியிறங்கியபோது, அவருக்குத் தைரியம் கொடுக்க நினைத்து, மனதில் முதலில் வந்த கேள்வியைக் குரலை நன்றாக உயர்த்திக் கேட்டேன்.

"அதோந்தே பாஸ்?"

அத்தை திரும்பிச் சிரித்தார். நான் என்ன கேட்டேன் என்று அப்பா விசாரித்தார்.

"சாப்ட்டாச்சான்னு கேக்கறா அண்ணா," என்றார் அத்தை.

பிழையைப் பொறுத்துக்கொள்ளும் குழந்தையில்லை நான். "இல்லத்தே, அது பதினேழாவது. இது ஒன்பதாவது. எங்க போறேன்னு அர்த்தம்," என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கிளம்பறவளப் பாத்து எங்க போறேன்னு கேப்பாங்களாடி?"

அப்பா பேப்பரை மடித்தார். சகுனம் சரியில்லை, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"நம்ம சகுனத்துக்கு ஸ்பானிஷ் தெரியுமாண்ணா?" என்று அத்தை கேட்டுப் பார்த்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

தண்ணீர் குடித்து முடித்தபோது மணி பத்து இருபது. சான்றிதழ்களை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று அப்பா பையை வாங்கினார். ஒவ்வொன்றாக, நிதானமாக, பின்பக்கம் உட்படப் பார்த்தார். சுவர்க்கடிகாரம் பத்தரை அடித்தது. இனிமேல் பன்னிரண்டுக்கு மேல்தான் என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், பர்தீரா இல்வா?" என்று ஆட்டோக்காரர் வாசலிலிருந்து கன்னடத்தில் குரல் கொடுத்தார். வருகிறீர்களா இல்லையா என்று அவர் கேட்டது அத்தையை.

"பேடப்பா, ஹோகு," என்று அப்பா பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்மேல் கோபமா என்று கேட்டேன். "நீ சரியாத்தானே சொன்னே," என்றார்.

பதினொன்று ஐந்துக்கு, காபிப் பொடி தீர்ந்துவிட்டது என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்த வருட டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் நேரங்கள் எல்லாம் சரியாக உள்ளன. அவற்றின் கீழே, ஒரு சந்தேகம் தீர்ந்த திருப்தியோடு எழுதியிருக்கிறேன்: "ராகு காலம் ஆட்டோவில் போகிறவர்களுக்கு மட்டும். ஸ்கூட்டருக்குக் கிடையாது."