கண்ணூறு கழித்த மாஸ்ட்

நாக்கில் உப்புக் கரித்துக்கொண்டிருந்தது. தோளில் பை. ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டதால் இரண்டையும் கையில் வைத்திருந்தேன். திருகோணமலை உள்துறைமுகத்து ஓரத்தில் இருந்த படகுப் பட்டறையை விட்டுக் கிளம்பி, அன்புவழிபுரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அங்கே தெரிந்தவன் ஒருவன் வீட்டில் இரவு படுத்துவிட்டுக் காலையில் எங்காவது பஸ் ஏறலாம் என்பது எண்ணம்.

எனக்கு அது பழகின நடை. கிண்ணியாவில் ஃபைபர் படகு செய்யும் இடம், கந்தளாயில் அரிசி ஆலை, கட்டாரில் கப்பல் பட்டறை, எல்லாவற்றையும் விட்டு நான் இப்படித்தான் கிளம்பினேன். ஒருவரும் என்னைத் துரத்தியதில்லை. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து வயிறு எரியத் தொடங்கும். பிறகு அந்த இடத்தில் சோறு இறங்காது. பையைக் கட்டிவிடுவேன்.

இப்போது பெயின்ட் வேலை பழக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, அலுமினியத்தில் பெயின்ட் ஏன் நிற்பதில்லை என்று. அந்த மாஸ்ட்டின் கதையைச் சொன்னால்தான் என் பதில் முழுதாக வரும்.

அடி வேலை

பாய்ப்படகின் பாய்மரத்தைப் பட்டறையில் மாஸ்ட் என்போம். அந்த மாஸ்ட் ஒரு வயதான வெள்ளைக்காரரின் சின்னப் படகுடையது. தனியாளாகக் கடல் சுற்றி வந்தவர். எல்லோரும் அவரைக் கப்டன் என்றார்கள். வழியில் விழுந்து முழங்கையில் அடிபட்டிருந்தது. அவருடைய மாஸ்ட்டிலோ பழைய பெயின்ட் பொரிந்து, கருவாட்டுச் செதில் போல உரிந்துகொண்டிருந்தது. கழற்றி, மரத்தாங்கிகளில் நீளமாகப் படுக்க வைத்தோம்.

பட்டறைக்காரர் டேவிட் பாஸ். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் மேஸ்திரியைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. என்னை வேலைக்கு எடுத்தபோது அவர் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கட்டைபறிச்சானில் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தோம், பிறகு நான் புத்தகம் எடுக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சாண்ட்பேப்பர் பிடிச்ச கை. நீ அடி வேலையைப் பார். மேல் வேலைக்கு யோகன் இருக்கிறான்."

அடி வேலை என்றால் இதுதான். முதலில் மாஸ்ட்டில் உள்ள இரும்புச் சாமான்களைக் கழற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அலுமினியத்துக்குள் வருடக்கணக்கில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். சுற்றிலும் கோதுமை மா போல வெள்ளைத்தூள் பூக்கும். ஸ்க்ரூவைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டிப் பொறுமையாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தலை முறியும். பிறகு பழைய பெயின்டை உரிக்க வேண்டும். கம்பி பிரஷ் கிட்டவே வரக்கூடாது. அதன் இரும்புத் துணுக்கு அலுமினியத்தில் ஏறி, பிறகு பெயின்டுக்கு அடியில் துருப்பிடிக்கும். தேய்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தின்னரில் துடைத்து, தாமதிக்காமல், அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரை அடிக்க வேண்டும். தேய்த்த அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன் மேல் ஒரு தோலை வளர்த்துக்கொள்ளும்; அந்தத் தோலில் பெயின்ட் நிற்காது. அதற்கு மேல் எபொக்சி பிரைமர். அதையும் தேய்த்து, துடைத்து, கடைசியாக, இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்.

கடைசிப் பெயின்ட் வந்ததும் அடியில் செய்தது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கடைசிப் பெயின்டை அடிப்பவன் யோகன்.

யோகன்

யோகன் சாம்பல்தீவு ஆள். என்னைவிட இளையவன். ஸ்ப்ரே கன்னைப் பிடித்தால் பெயின்ட் எண்ணெய் ஊற்றியது போல விழும். ஓரிடத்தில்கூட வடியாது. அதை நான் மறுக்கவில்லை. என் வயிற்றை எரித்தது மற்றவை.

வேலை செய்யும்போது பாடுவான். பட்டறைக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பாஸிடம் போவார்கள். பாஸின் மனைவி ராணி அக்காதான் எங்களுக்குச் சமைப்பவர். மீன் தலை எப்போதும் அவன் சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும்.

"அக்கா, எனக்கும் ஒருநாள் தலை போடுங்கோவன்" என்று கேட்டேன்.

"உனக்கு முள்ளு எடுக்கப் பொறுமை இல்லைத் தம்பி" என்றார். ஸ்க்ரூவோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன் நான்.

கப்டன் அவனை "மை ஃபிரெண்ட்" என்பார். என்னைக் கண்டால் "ஹலோ" என்பார். போகப் போக என் பெயரே ஹலோ என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

கப்டன் கேட்டது

எபொக்சி பிரைமர் முடிந்த அன்று தேநீருக்கு இருந்தபோது கப்டன் பாஸிடம் ஏதோ சொன்னார். பாஸ் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கையால ஏலாமல் கிடக்குதாம். காலித் துறைமுகத்துக்கும் அங்கயிருந்து மாலைதீவுக்கும் போக ஒரு ஆள் வேணுமாம். மாஸ்ட்டில வேலை செய்த உங்கட ரெண்டு பேரில ஒருத்தர் வந்தால் நல்லம் எண்டுறார். மாஸ்ட் ஏத்துற அண்டைக்குச் சொல்லுவாராம்."

எல்லோரும் யோகனைப் பார்த்தார்கள். கப்டனும்.

"இவனை அனுப்பிப்போட்டு இங்க ஆர் பாடுறது? உங்கட ஜெனரேட்டரோ?" என்றார் ராணி அக்கா. முடிவாகிவிட்டது போலச் சிரித்தார்கள். யோகனும் சிரித்தான். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் தேநீரைக் கீழே வைத்தேன். அத்தனை இடங்களை விட்டுப் போனவன் நான். ஒரு தடவைகூட யாரும் என்னை வா என்று கூட்டிக்கொண்டு போனதில்லை. பட்டறையில் பாய்மூட்டைகளின் மேல்தான் படுப்பேன். கப்டன் அங்கே விரித்துவிட்டுப் போகும் கடல் வரைபடத்தில் காலியையும் மாலைதீவையும் அதற்கு அப்பால் உள்ளதையும் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகில் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அளவுக்கு அதுவரை எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அது, கேட்காமலே யோகனுக்கு வந்திருந்தது.

கடைசித் துடைப்பு

கச்சான் காற்று வீசும் காலம். பகலில் தரைப்பக்கமிருந்து சூட்டோடு புழுதி வரும். அதனால் விடியற்காலையில், காற்று எழும்பும் முன் ஸ்ப்ரே பண்ணுவோம். மாஸ்ட்டைச் சுற்றிப் பொலித்தீன் கட்டியிருந்தது. கையுறை போட்டு, புதுத்துணியில் தின்னர் தொட்டு, தலையிலிருந்து கால் வரை கடைசியாக நான்தான் துடைத்தேன். முடித்துவிட்டுக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாம்பல் நிறத்தில் அவ்வளவு மட்டமாக இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் என் வேலை யோகன் அடிக்கும் வெள்ளைக்குள் மறைந்துவிடும், பிறகு ஊர் அவனைத்தான் புகழும் என்று நினைத்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. திரும்பியபோது குசினி வாசலில் ராணி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் யோகனும் கிணற்றடியில் முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு வந்தோம். அவன் பெயின்ட் அடித்தான். கண்ணாடி போல வந்தது. கப்டன் கைதட்டினார், அவனுக்கு.

கொப்புளம்

சில நாள் கழித்துத் திடீரென்று மழை பெய்தது. மாஸ்ட்டைத் தார்ப்பாயால் இறுக்கி மூடினோம். மழை விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் அப்படியே ஈரத்தோடு கிடந்தது. தார்ப்பாயை எடுத்தவன் நான். வெள்ளையில் மிளகு மிளகாகக் கொப்புளங்கள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு குனிந்து பார்த்தேன். கொப்புளங்கள் அங்குமிங்கும் இல்லை. மாஸ்ட்டின் மேற்பக்கத்தில் மட்டும், தலையிலிருந்து கால் வரை, ஒன்றோடொன்று ஒட்டிய கோடுகளாகப் போயின. யாரோ விரல்களை விரித்து இழுத்தது போல. ஒரு கொப்புளத்தைக் குத்தினேன். ஒரு சொட்டு நீர் வந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு.

பெயின்டுக்கு அடியில் உப்பு அகப்பட்டால் அது ஈரத்தை உள்ளே இழுக்கும். இழுத்து இழுத்துப் பெயின்டைத் தூக்கிவிடும். பிரைமருக்கும் பெயின்டுக்கும் நடுவில் உப்புப் பட்ட கை ஒன்று போயிருக்கிறது.

பாஸ் வந்தார். பார்த்தவுடனே அவருக்கும் விரல்கள் தெரிந்தன.

"கடைசியாத் துடைச்சது ஆர்?"

"நான்தான் பாஸ். கையுறையோட."

"அப்ப இது பேயின்ர விரலோ?"

"எனக்குத் தெரியாது."

"உனக்கும் அவனுக்கும் உள்ள கதை எனக்குத் தெரியாது எண்டு நினைச்சியே? கப்டன்ர படகில அவன் போயிடுவான் எண்ட எரிச்சல். நல்லாய் இருந்த மாஸ்ட்டை நாசமாக்கிப்போட்டாய்."

பாஸ் கப்டனிடம் சொல்ல, படகு கட்டியிருந்த இறங்குதுறைக்கு நடந்தார். நான் பையை எடுத்தேன். யோகன் மாஸ்ட்டருகில் குனிந்து கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக் கேற்றைத் தாண்டியபோது பின்னால் ராணி அக்காவின் குரல் கேட்டது.

"பொல்லாத கண்ணடா அது! அண்டைக்கு விடியப்புறம் இவன் அதைப் பாத்துக்கொண்டு நிண்ட நிலையைக் கண்டிட்டுத்தானே, நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்க, உப்பும் செத்தல் மிளகாயும் கையில எடுத்துத் தலையில இருந்து கால் மட்டும் தடவிக் கண்ணூறு கழிச்சனான்! அதையும் மீறியெல்லோ பட்டுக்கிடக்கு!"

நான் நிற்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகுதான் அந்த வார்த்தைகள் எனக்கு உறைத்தன. கண்பட்ட பிள்ளைக்குத் தடவுவது போல மாஸ்ட்டுக்குத் தடவியிருக்கிறார். என் கண்ணுக்குப் பயந்து போட்ட உப்புத்தான் மாஸ்ட்டைக் கெடுத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் கால் முன்னால்தான் போனது.

வீதியில்

அன்புவழிபுரத்துக்குக் கிட்டப் போனபோது யோகனின் மோட்டார்சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

"மச்சான், நில்லு. அது உப்பு. நானும் நக்கிப் பாத்தனான். விரல் அக்காவின்ர."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் போறாய்?"

நான் செருப்பை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாத. தன்ர கையாலதான் கெட்டது எண்டு தெரிஞ்சா அந்த மனுசி பட்டறைப் பக்கமே வராது. அடிக்க முதல் நான்தான் வியர்வைக் கையால தடவிப் பாத்தனான் எண்டு பாஸிட்டச் சொல்லிப்போட்டன்."

"நம்பினவரோ?"

"இல்லை. ஆனா என்னைப் பேச அவருக்கு வாய் வராது."

அதைக் கேட்டும் எனக்கு எரிந்தது. பொய் சொன்னாலும் அவனை யாரும் ஏசமாட்டார்கள்.

"அப்ப நீ படகில போ. ஏன் என்னைத் தேடி வந்தனி?"

அவன் எஞ்சினை நிறுத்தினான். "எனக்குக் கடல் ஏலாது மச்சான்."

"நீ சாம்பல்தீவான்."

"அதுதானே வெட்கம். அப்பா, அண்ணன்மார் எல்லாரும் கடல். நான் கரை மறைய முதலே வயித்தில உள்ளதெல்லாம் சத்தி எடுப்பன். அதாலதான் பெயின்டுக்கு வந்தனான். கப்டன் கேட்ட நாள் தொடக்கம் எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் திரிஞ்சன். இண்டைக்குச் சொல்லிப்போட்டன். நீதான் போறாய். உன்ர பேர் என்ன எண்டு கேட்டவர். சீலன் எண்டு சொன்னன்."

நான் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. நான் உயிராக ஆசைப்பட்டதை, தனக்குப் பிடிக்காத பலகாரத்தைத் தட்டில் தள்ளி வைப்பது போல அவன் தந்துவிட்டான். வாங்கிக்கொள்ளவும் மனமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. இத்தனை நாளாக நான் பொறாமைப்பட்ட யோகன் என் மனதில் மட்டும் இருந்த ஒருவன் என்று அப்போதுதான் பட்டது. கரையில் நின்று பாடிக்கொண்டிருந்த இவன் வேறு ஆள்.

"செருப்பை என்னத்துக்குக் கையில வைச்சிருக்கிறாய்? ஏறு" என்றான்.

ஏறினேன். விட்டுப்போன ஓர் இடத்துக்கு நான் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

காலை

மறுநாள் விடிந்ததும் பாஸ் என்னைப் பார்த்து, "மேற்பக்கம் முழுக்க உரிச்சுத் திரும்ப அடிக்க வேணும். செய்வியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். நல்ல தண்ணீர் நிரப்பிய வாளியும் சாண்ட்பேப்பரும் எடுத்துக்கொண்டு மாஸ்ட்டடிக்குப் போனேன்.

ராணி அக்கா அங்கே நின்றார். கையில் இரண்டு மடங்கு உப்பு, ஒரு பிடி மிளகாய். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாஸ்ட்டை நோக்கிக் கையை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றேன்.

"மாஸ்ட்டுக்கு வேண்டாம் அக்கா. எனக்குச் சுத்துங்கோ."

"உனக்கு ஆரடா கண் வைக்கிறது?"

பெயின்ட் டின்களுக்குப் பின்னாலிருந்து யோகன் சொன்னான்: "நான் வைப்பன் அக்கா. மாலைதீவுக்கெல்லோ போறான்."

ராணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்த உப்புக் கையை என் தலையைச் சுற்றி, தோளில் இறக்கி, கால் வரை தடவி, குசினிக்குப் போய் உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது.

"கேட்டியே, எவ்வளவு கண் எண்டு" என்றார் உள்ளேயிருந்து. கோபம் போன குரல்.

பெயின்ட் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைசியாகத் துடைத்த பிறகு மாஸ்ட்டுக்குக் கிட்ட ஒருவரையும் விடாதீர்கள், உங்கள்மேல் அன்பானவரையும் விடாதீர்கள். கண்ணூறு கழிக்க வேண்டுமென்றால் ஆளுக்குக் கழியுங்கள்.

உடம்பில் ஒட்டியிருந்த உப்பைக் கிணற்றடியில் நன்றாகக் கழுவினேன். கையுறை போட்டேன். சாண்ட்பேப்பரை வாளியில் நனைத்து, மாஸ்ட்டின் தலைப்பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினேன்.