சிவப்பில் தெரிந்த வீரய்யா

ஜீவராணிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ராகலைப் பக்கம் சொல்வார்கள். சும்மா சொல்கிறார்கள். பத்தொன்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்தபின் தோட்டத்து மாதர் சங்கத்துக்குச் செயலாளராக வந்தவர். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிவார். கங்காணியிடம் சரிக்குச் சரி நிற்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத்தான் பயம்.

அன்று பயப்படக் காரணமும் இருந்தது. வரிசை அறைகளான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகப்போகும் முப்பத்தெட்டுக் குடும்பங்களின் பட்டியல் அதில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையே எல்லோரும் அச்சடித்த தாளில் கையெழுத்து வைத்தாயிற்று. இனி கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து மாறினாலும் பட்டியல் செல்லாது, இந்த வருடம் வீடும் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பெயர்களை ஒரு தடவை பார்க்கலாமென்று ஜீவராணி திறந்தார். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, பெரிதாக்கினார். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு ஆட்களைத் தனியாகப் பார்க்க, தேடும் பெட்டியில் அந்தப் பிரிவின் பெயரைப் போட்டு அவர்கள் பெயர்களைச் சிவப்பாகக் காட்ட வைத்தார். அந்த நேரம் பார்த்து, மேல்கணக்கில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் வீரய்யா உள்ளே வந்து திரையில் தன் பெயரைப் பார்த்தார். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர்மேல் சிவப்பு மை விழுந்தால் அந்த ஆளுக்கு வேலை போயிற்று என்று அர்த்தம்.

"தங்கச்சி, என் பேர வெட்டிட்டீங்களா?"

"ஐயோ அண்ணே, பாக்கத்தான் செவப்பாக்குனேன்!"

சொன்ன பிறகுதான் ஜீவராணிக்கே உறைத்தது. எழுத்தும் பெரிதாகி, நிறமும் மாறிவிட்டதே! முப்பத்தெட்டு வீட்டையும் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, பட்டியலை டைப் செய்து கொடுத்த, நுவரெலியாவில் இருக்கும் நிலக்ஷிக்குப் போன் போட்டார்.

"அக்கா, மேல ஃபைல் பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம் தெரியுதா?"

"இல்லியே."

"அப்ப ஒண்ணும் மாறல. பெருசும் செவப்பும் ஸ்கிரீன்ல பாக்குறதுக்கு மட்டுந்தான். மூடுங்க, சேவ் பண்ணவான்னு கேக்குதா பாருங்க."

மூடினார். கேட்கவில்லை. ஃபைல் கடைசியாக மாறிய திகதியும் அதே வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து. "போன உயிர் வந்துச்சு" என்று ஜீவராணி வாய்விட்டே சொன்னார். அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

வீரய்யாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"தங்கச்சி, இன்னொருக்கா தொறந்து என் பேர பச்சையா காட்டுங்க. வீடு இருக்குன்னு கண்ணால பாத்துட்டுப் போறேன்."

ஜீவராணி பச்சையாக்கி, இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக்கினார். வீரய்யா தன் பெயரைச் சத்தமாக வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார்.

"சரிங்க, மூடுங்க. இனி யாரு வந்து கேட்டாலும் தொறக்காதீங்க."