ஈரல் எந்தப் பக்கம்?

போன செவ்வாய்க்கிழமை காலை, கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் ஒரு ரயில் வாகன் கதவில் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தோணியம்மாளின் தம்பி சூசை தண்டவாளங்களைத் தாண்டி வந்து நின்றான். அவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவன். வேலை நேரத்தில் என்னைத் தேடி வந்ததே இல்லை.

"அக்கா பூட்ச்சி நைனா" என்றான். "காத்தால கஞ்சி குட்ச்சிட்டு சாஞ்சுது. அப்டியே."

பாதி எழுத்தில் தூரிகையைக் கீழே வைத்தேன். என் உத்தியோகத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

ராயபுரம் மார்க்கெட்டில் ஆட்டு ஈரலும் குடலும் விற்ற அந்தோணியம்மாளை இதைப் படிக்கிற பலர் அறிவீர்கள். பிள்ளைக்கு வயிறு உப்பினால், 'குடல் ஏறிக்கொண்டது' என்று அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். எண்ணெய் தடவி நீவிவிடுவார். நாள் முழுவதும் குடலைப் புழங்குகிற கைக்குக் குடல் அடங்கும் என்பது நம் வட்டாரத்து நம்பிக்கை. நான் அதை எதிர்த்துப் பேசியவன். அவரோடு பன்னிரண்டு வருஷம் சண்டை பிடித்தவன். இந்த அஞ்சலியை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. இந்தப் பத்திரிகையை நடத்தும் வாசகசாலையின் காரியதரிசியும் கேட்கவில்லை. எதற்குத்தான் என்னைக் கேட்டார்கள்? நானே எழுதுகிறேன். அந்தோணியம்மாள் என்னிடம் ஒரே ஒரு பதில் கேட்டார். அதை அவர் இருக்கும்வரை நான் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்லன். வாகன்களில் ஊர்ப்பெயர் எழுதி எழுதியே இங்கிலீஷ் எழுத்துகளைப் பிடித்தேன். மூர் மார்க்கெட்டில் பழைய உடற்கூற்றுப் படம் ஒன்று கிடைத்தது. மார்பும் வயிறும் திறந்த ஒரு மனிதனின் படம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அதைப் படித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகசாலையில் படத்தை மாட்டி யார்டுக் கூலிகளுக்கு விளக்கினேன். படித்த டாக்டர்கள் யாரும் அந்தச் சந்துக்குள் வரவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

முதல் ஞாயிறு, படத்தைப் பார்த்துவிட்டு என் இடப்பக்க விலாவின் கீழே கையை வைத்து, "கல்லீரல் இங்கே இருக்கிறது" என்றேன். பூசை முடிந்து கூடையோடு வாசலில் நின்ற அந்தோணியம்மாள் சிரித்துவிட்டார்.

"இன்னா நைனா, ஈரல அந்தாண்ட தள்ளிட்ட? ஆட்டுக்கு வலப்பக்கம் கீது. உனக்கு மட்டும் ஆண்டவரு மாத்தி வெச்சிட்டாரா?"

"மனுசன் ஆடு இல்ல, அந்தோணியம்மா. ஆட்டுக்கு இரைப்பை நாலு. நமக்கு ஒண்ணுதான்."

"நாலா இருந்தா நீ பேசறத ஜீரணம் பண்ணிருப்பேன்" என்றார். ஆனால் கூட்டம் அவரைப் பார்த்துத்தான் சிரித்தது. 'ஆட்டை வைத்து மனிதனை அளக்கிறாள்' என்று கேலி செய்தார்கள். நான் அதை ரசித்தேன்.

அன்று மாலை படத்தை மறுபடி பார்த்தபோது அதிலிருந்த இருதயம் எனக்கு வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் துடித்தது. அப்போதுதான் புரிந்தது: படத்து மனிதன் என்னைப் பார்த்து நிற்கிறான். எனக்கு இடம் என்பது அவனுக்கு வலம். சொல்லித்தர ஒரு ஆள் இல்லாமல் தானே படிக்கிறவனுக்குத்தான் இந்தப் பிழை வாய்க்கும்.

அடுத்த ஞாயிறு கல்லீரலை வலப்பக்கம் காட்டினேன். தப்பைத் திருத்துகிறேன் என்று சொல்லவில்லை.

"ஒரு வாரத்துல நவுந்து இந்தாண்ட வந்துட்ச்சா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"போன வாரமும் இப்படித்தான் சொன்னேன். காது கேட்டிருக்காது" என்றேன். கூட்டம் மறுபடி அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அவரோ அதற்கடுத்த வாரம் ஒரு ஆட்டின் வயிற்றையே முறத்தில் பரப்பிக்கொண்டு வந்தார். ஈரல், அதன் அடியில் ஒட்டிய பச்சைப் பித்தப்பை, இரைப்பையோடு ஒட்டிக்கிடக்கும் சுவரொட்டி. நான் மண்ணீரல் என்று சொல்லிக்கொண்டிருந்தது, சோகை பிடித்த பெண்களுக்கு வறுத்துக் கொடுக்கிற அந்தச் சுவரொட்டிதான் என்று கூலிகளுக்கு அன்றுதான் விளங்கியது. முதுகோரத்துக் கொழுப்புக்குள் இருக்கும் சிறுநீரகத்தைக் குண்டிக்காய் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். என் அகராதிச் சொற்கள் இரண்டு ஞாயிறுகளில் செய்யாததை அந்த முறம் ஒரு மணி நேரத்தில் செய்தது. பித்தப்பையை ஈரலிலிருந்து அறுத்தெடுத்தபடி அவர் சொன்னார்: "இது கீஞ்சா கறி மொத்தமும் கசப்பு. எத்த தொடக் கூடாதுன்னு தெரிஞ்சவதான் கத்திய புடிக்கணும்."

நான்கு வருஷத்துக்கு முன், மழைக்காலத்தில், சூசைக்கு வயிற்றுவலி வந்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, மறுநாள் ஒரு பக்கமாகக் கீழே இறங்கி நின்றது. வாந்தி, காய்ச்சல். அக்கம்பக்கத்தார் குடல் ஏற்றம் என்றார்கள். நீவிவிடுவதற்கு அக்காளே இருக்கும்போது வேறு யாரை அழைப்பார்கள்? ஆனால் அந்தோணியம்மாள் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது அவர் உள்ளங்கையில் எண்ணெய் இருந்தது. கை அவன் வயிற்றுக்கு மேலே நின்றது.

"தொட்டா துள்றான். இது நான் பாத்த நோவு இல்ல. உன் படத்துல இன்னா போட்டுகீது?"

"சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில் புழுப்போல ஒரு வால் உண்டு. அது வீங்கியிருக்கும். நீவினால் உடைந்துவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

"எத்தினி ஆயிரம் குடல் கழுவிகீறேன், வால பாத்ததில்லியே!"

"ஆட்டுக்குக் கிடையாது. மனிதனுக்கு உண்டு."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் வலமா, அவன் வலமா?"

வாசகசாலையில் என்ன நடந்தது என்பது அவருக்கு எப்போதோ விளங்கியிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் ஒரு தரம் பொய் சொன்னவனை நம்பித் தம்பியின் உயிரைக் கொடுப்பதா என்பதுதான் அந்தக் கேள்வி.

"அவன் வலம்" என்றேன்.

அவர் தம்பி பொத்திக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார்; வலப்பக்கம்தான். பிறகு எண்ணெயைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "கட்டில தூக்குங்கடா" என்றார். ஜட்கா வண்டி குலுக்கும் என்று நான்கு பேர் கட்டிலோடு சுமந்தார்கள். ஆஸ்பத்திரியில் அன்றே அந்த வாலை அறுத்தெடுத்தார்கள். சூசையின் வலப்பக்க அடிவயிற்றில் அந்தத் தழும்பு இருக்கிறது.

நான் பெருமையடித்துக்கொண்டேன், மறுக்கவில்லை. அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. சூசை வீடு திரும்பிய அன்று ஒரு இலையில் சுவரொட்டி வறுவல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஈரல் எந்தப் பக்கம் நைனா?" என்றார். வாசகசாலையில் நான் சொன்னது தப்பு என்று என் வாயால் வரவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. "போய் வியாபாரத்தைப் பார்" என்றேன். அன்று முதல் வழியில் எங்கே பார்த்தாலும் அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். போன மாதம்கூட, மூச்சு வாங்க நின்று கேட்டார். அன்றும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று பெட்டியருகே நின்று சொல்லலாமென்று போனேன். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலும், அந்தோணியம்மாளைக் கேலி செய்து சிரித்த கூட்டத்தின் காதில் விழாமல் சொல்லி என்ன பயன்? ஆகவே அச்சில் சொல்கிறேன்.

அன்று வாசகசாலையில் இருந்தவர்கள் கேளுங்கள். நான் இடப்பக்கம் என்றேன். மறுவாரம் அப்படிச் சொல்லவேயில்லை என்று பொய் சொன்னேன். அந்தோணியம்மாள் சொன்னதுதான் சரி. இரைப்பை விஷயத்தில் நான் சொன்னதே சரி. அதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. இப்போதும் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தால், வாயைத் திறக்குமுன் அதைக் கேட்டுக்கொள்கிறேன்: உன் வலமா, அவன் வலமா?

ஈரல் வலப்பக்கம், அந்தோணியம்மா.