கதிரை லிஃப்டுக்கு வைத்த நேர்த்தி

பிள்ளையாரிடம் பிள்ளை கேட்பார்கள், விசா கேட்பார்கள். என் மனைவி பனிச்சறுக்கு மலைக்குப் புது லிஃப்ட் கேட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டளவில், நாங்கள் குடியிருந்த வில்லரேயிலிருந்து விடியவே வேலையாட்களை ஏற்றும் வான் வண்டியில் ஏறி வடக்கே மலைக்கு வேலைக்குப் போய்வந்தேன். சறுக்க வருபவர்களை உச்சிக்கு ஏற்றும் அந்த லிஃப்ட் என்னைவிட மூத்தது. அவர்கள் குந்திப் போக கம்பியில் தொங்கி வரும் கதிரை ஆளைக் கண்டு வேகம் குறைக்காது. வந்த வேகத்தில் காலின் பின்பக்கம் மொத்தும். மொத்தாமல் அதைப் பிடித்து இழுத்து மெதுவாக்குவதுதான் என் வேலை. ஒன்று போனால் அடுத்தது, நாள் முழுக்க. வலது தோள் போய்விட்டது. மனைவி நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்ப்பாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

முதலாளி ஒவ்வொரு வருடமும் “அடுத்த வருடம் மாற்றுவோம்” என்பார். சில்லை மாற்றுவார், கம்பியை மாற்றுவார், லிஃப்டை மட்டும் மாற்றமாட்டார். நாசமாய்ப் போன லிஃப்ட்!

“புதுசு வந்தால் கதிரை தன்ரபாட்டில மெதுவாகுமாம். ஒருத்தரும் பிடிக்கத் தேவையில்லை,” என்றேன் ஒருநாள்.

“அப்ப உங்கட தோள் தப்பும்,” என்றாள். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய், புது லிஃப்ட் வந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துவிட்டு வந்தாள்.

வந்தது. கதிரைகள் பூப்போல வந்து நின்றன. பிடிக்கத் தேவையில்லை என்றால் பிடிக்கிறவனும் தேவையில்லை என்பது எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் ஏறியிருக்கவில்லை. முதலாளி கைகுலுக்கி “மெர்சி” என்று நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

லாசாலில் ஒரு கிடங்கில் வேலை கேட்டேன். தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். வலக்கை தோளளவில் நின்றுவிட்டது. இனி நான் என்னத்துக்கு உதவுவேன் என்று மெத்ரோ ரயிலில் சனம் பார்க்க அழுதேன்.

“இனியும் என்ன நேர்த்தி?” என்று வீட்டில் எரிந்து விழுந்தேன்.

“கேட்டது கிடைச்சிட்டுதெல்லோ. செய்யாமல் விடேலாது,” என்றாள்.

கோயிலில் ஐயர் தேங்காயை என் வலக்கையில் தந்தார். ஓங்கப் பார்த்தேன். கை எழும்பவில்லை. தேங்காய் காலடியில் விழுந்து உருண்டது, வெடிக்கக்கூட இல்லை.

மனைவி அதை எடுத்தாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சிதறு தேங்காய் அடிப்பதில்லை. ஐயர் தடுக்க முதலே ஓங்கி அடித்தாள். அடுத்ததையும் அடித்தாள். பிறகு மூச்சு வாங்க நின்று பிள்ளையாரைப் பார்த்துக் கத்தினாள்:

“இவற்ர தோளையெல்லோ உன்னட்டக் கேட்டிருக்கவேணும்! போயும் போயும் மெசினைக் கேட்டுப்போட்டனே!”