கஞ்சி டாக்டர் ஊசி போட்ட நாள்

கஞ்சி டாக்டர் போய்விட்டார். இன்று விடியற்காலையாம்... வில்லியனூரில், மகன் வீட்டில்.

போனில் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டு, பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட் என்று ஒன்று விடாமல் சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு இப்படியா ஒரு செய்தி வரவேண்டும்? எரிச்சலாக இருக்கிறது.

மெதுவாகத்தான் தட்டுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் பாகூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். குருவிநத்தத்திலிருந்து வெயிலில் நடந்து போய், "ஜொரம் சார், ஒரு ஊசி போடுங்க" என்று கெஞ்சினாலும் போடமாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார். வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். "கஞ்சி குடி, சரியாயிடும்." அவ்வளவுதான்!

என் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள். "கஞ்சி காய்ச்ச எனக்குத் தெரியாதா? இதுக்கா நீ டாக்டருக்குப் படிச்ச?"

மனுஷன் கோபப்படவும் இல்லை. "உப்பு போட்டுக் காய்ச்சும்மா" என்றார்.

அப்புறம் அந்தக் கத்தரித் தோட்டம்...

என் தம்பி ஏழுமலை பூச்சி மருந்து அடிக்கப் போனான். முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகி, சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. அப்படியும் நம்ம துரை வேலையை முடிக்காமல் வரமாட்டாராம். நாங்கள் போய்ப் பார்த்தபோது வரப்பில் சுருண்டு கிடந்தான். வாயில் நுரை, வேர்வை ஊற்றுகிறது, சதையெல்லாம் துடிக்கிறது.

"வலிப்புடா, கையில இரும்பு குடு!" என்றார் ஒருவர். "பாம்புடா, வேப்பிலையைக் குடுத்துப் பாரு, கசக்குதான்னு" என்றார் இன்னொருவர். கையில் சாவிக்கொத்தைத் திணித்து, மாட்டு வண்டியில் போட்டு ஓட்டினோம்.

டாக்டர் தம்பியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. சட்டையை மோந்து பார்த்தார்.

"என்ன மருந்து அடிச்சான்?"

"வலிப்பு சார்..."

"யோவ், மருந்து பேரைக் கேட்டேன்யா!"

சட்டையைக் கத்தரித்துத் தூர எறிந்தார். சோப்புப் போட்டு உடம்பைக் கழுவச் சொன்னார். கழுவி முடித்துத் திரும்பினால், என் அம்மா அதே சட்டையைப் பொறுக்கி வந்து தம்பிக்குப் போர்த்துகிறாள்!

"புள்ள நடுங்கறான் சார். வெறும் உடம்பா கெடக்கறான்..."

மறுபடி எறிந்தார். மறுபடி போர்த்தினாள்.

"ஏம்மா, அந்தச் சட்டைதாம்மா அவனைக் கொல்லுது! தோல் வழியா விஷம் உள்ள போவுது!" அவர் போட்ட சத்தத்தில் வண்டி மாடுகள் மிரண்டன.

பிறகு ஊசி. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி ஊசி. மறுபடி கேட்டார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு ஊசிக்காக வருஷக்கணக்கில் அவரைத் திட்டிய நாங்கள், வாசலில் நின்று "போதும் சார், நிறுத்துங்க" என்று கத்தினோம்.

காரணம் இருந்தது. தம்பி முகம் சிவந்து, கண் விரிந்து, காற்றில் எதையோ பறிக்க ஆரம்பித்துவிட்டான். என்னைப் பார்த்து, "நீ எவன்டா? எங்க அண்ணனைக் கூப்புடு" என்கிறான்.

"எம்புள்ளைக்குப் பைத்தியம் புடிக்க வச்சிட்டான்! வண்டியைக் கட்டுடா, வேற எங்கனா போவலாம்!" என்றாள் அம்மா. நானும் போய் மாட்டை அவிழ்த்தேன்.

டாக்டர் வாசலை மறித்து நின்றார். "கொண்டு போனா வழியிலயே மூச்சு நின்னுடும். இது ஊசி மருந்தோட வேகம், தெளிஞ்சிடும். நெஞ்சு காயணும்யா, அதுதான் முக்கியம். இந்தா, நீயே கேளு."

குழாயை என் காதில் மாட்டி, தம்பி நெஞ்சில் வைத்தார். காற்று உள்ளே போகிறது... வருகிறது. தண்ணீர்ச் சத்தம் இல்லை.

மாட்டைத் திரும்பவும் கட்டிவிட்டேன்.

மறுநாள் தம்பிக்குத் தெளிந்தது. டாக்டர் அதுவரை அவன் பக்கத்தில் போட்ட ஸ்டூலை விட்டு எழவில்லை. அம்மா மட்டும் சாகிறவரை "நல்ல சட்டையைக் கிழிச்ச மனுஷன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வருஷம் கழித்து வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "தம்பி நல்லா இருக்கான் சார்" என்றேன்.

"ஒழுகின டேங்கை மாத்தினானா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்... பஸ் வரும் வரை திட்டினார். அவனைத் திட்டவேண்டியதையும் சேர்த்து என்னையே திட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகவும் திட்டினார்.

இப்போது ஏழுமலை வாசலில் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். "எடுக்கறதுக்குள்ள போவணும். இன்னாத்தண்ணா போனை நோண்டிக்கினு கீற?"

வர்றேன்டா, கத்தாதே.

ரெண்டு பேரும் வர்றோம், சார்.