ஊசி தொடாத போர்வை

மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மருமகன் போன் செய்தபோது, என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து, பிறக்கப்போகும் குழந்தையின் போர்வைக்குப் பழந்துணி பிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, துணிய அடுக்கி மட்டும் வையுங்க. நான் போன் பண்ற வரைக்கும் ஊசியத் தொட்டுப்போடாதீங்க.”

எருமைக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டுமென்று என்னை விட்டுப் போனாள். பிரசவ அறை வாசலில் நின்றால் நான் கத்தியே ஊரைக் கூட்டிவிடுவேன் என்பதுதான் நிஜக் காரணம்.

ஊசி ஏன் கூடாதென்று நான் கேட்கவில்லை. மகளின் போன பிரசவத்துக்கு ஏழாம் மாதமே போர்வையைத் தைத்து முடித்திருந்தாள். எட்டாம் மாதம் குழந்தை அழாமலே பிறந்தது. அந்தப் போர்வை இன்னும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. இந்த முறை குழந்தை அழுத பிறகுதான் முதல் தையல் என்று சொல்லிவிட்டாள். போர்வைக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டைக்கு நிற்கிற ஆள்தான் நான். அன்று எனக்கும் பயம்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. பழசை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் தைக்க வேண்டும்: அடியில் என் பழைய வேட்டி, நடுவில் நைந்த சேலைகள், மேலே மகளின் நூல் சேலை. ஒரு சுருக்கம் இருந்தாலும் பச்சை உடம்பில் அழுந்தும்.

லாரி ஓட்டியே காலம் தள்ளியவனுக்கு வேறென்ன தெரியும்? தார்ப்பாய் கட்டுகிற மாதிரியே வேட்டியை விரித்து, ஒரு பக்கம் கட்டில் கால்களிலும் மறுபக்கம் பீரோ கால்களிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும், அவ்வளவு விறைப்பு. அதன்மேல் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து நீவினேன். மருமகனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வேலை முடிந்ததென்று கயிற்றை அவிழ்த்தேன். இழுபட்டிருந்த வேட்டி சட்டென்று சுருங்கிக்கொண்டது. மேலே இருந்த அத்தனையும் கசங்கி நடுவில் குவிந்தது. சகுனம் பார்க்கிறவனைக் கேலி செய்கிற நானே சுவரிலிருந்த சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அட, கூறுகெட்ட மனுஷா, இன்றைக்கா இப்படிச் செய்வாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் எடுத்து உதறினேன். இந்த முறை கயிறில்லை. வேட்டியைத் தரையில் சும்மா விரித்து, மூலைகளில் சொம்புகளை வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் மெதுவாக நீவினேன். கடைசிச் சேலையை நீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவிதான்.

“என்ன புள்ள ஆச்சு?”

“அடுக்கிட்டீங்களா?”

“அடுக்கியாச்சு. என்னாச்சு, சொல்லித் தொலையேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“உங்களாட்டவே கத்தறா உங்க பேத்தி. ஊசில நூலக் கோத்து வையுங்க.”

ஊசியைக் கையில் எடுத்தேன். அதன் காது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, கண் அப்படி நிறைந்திருந்தது.